பாப் இசைப் பத்திரிகை அட்டை: பன்னிரண்டு வயதைக் கடையில் நிறுத்துவது எப்படி

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பிள்ளைகளுக்கும், லண்டன் பக்கம் மீடியா ஸ்டடீஸ் எடுத்திருக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அடிக்கடி வந்து சேரும் வேலை இது: பதின்பருவத்தினருக்கான ஒரு இசைப் பத்திரிகைக்கு அட்டை வடிவமைத்துக் கொண்டு வா. பெரும்பாலானவர்கள் உடனே லேப்டாப்பைத் திறந்து, கறுப்புப் பின்னணி, அதில் கிட்டாரோடு தலைகுனிந்து நிற்கும் ஒரு ஆள், மேலே பெரிய எழுத்தில் ஒரு பெயர் என்று செய்துவிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது முப்பது வயது ராக் ரசிகருக்கான அட்டை. பன்னிரண்டு வயதுப் பெண் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பாள்.

சரி, அந்தப் பன்னிரண்டு வயதுக்கு எப்படிச் செய்வது? உதாரணங்களைப் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்துதான் எடுக்கிறேன். 1978ல் நிக் லோகன் தொடங்கி 2006 வரை வந்த ஸ்மாஷ் ஹிட்ஸ், பிபிசி தன் டிவி நிகழ்ச்சியின் பெயரிலேயே 1995ல் கொண்டுவந்த டாப் ஆஃப் த பாப்ஸ், 2011ல் வந்த வீ லவ் பாப் என்று இந்த வகைப் பத்திரிகையை அவர்கள் ஒரு தனித் தொழிலாகவே வளர்த்திருக்கிறார்கள். இவற்றோடு ஜெர்மனியின் ப்ராவோவையும் அமெரிக்காவின் டைகர் பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அட்டைகளின் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு இருபதை எடுத்து, ஒரே பக்கத்தில் சின்னச் சின்னதாக அடுக்கி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். வேலையைத் தொடங்கும் முன் இதைச் செய்யாதவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்லப்போவது எதுவும் பெரிதாக உதவாது.

அப்படி அடுக்கிப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது, இந்த அட்டைகளில் இசையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பதுதான். இசைக்கருவி இல்லை, ஸ்டுடியோ இல்லை, ஆல்பத்தின் பெயர்கூடப் பல சமயம் இல்லை. பாட்டு அந்தப் பிள்ளைக்கு ரேடியோவிலும் டிவியிலும் ஏற்கெனவே கிடைத்துவிட்டது, இப்போது போனில் கிடைக்கிறது. கைக்காசைப் போட்டு அவள் வாங்குவது வேறு இரண்டு விஷயங்களை: அந்தப் பாடகரோடு ஒரு நெருக்கம், அப்புறம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரிலோ நோட்டு அட்டையிலோ ஒட்டிக்கொள்ள ஏதாவது ஒரு பொருள். அட்டையில் நீங்கள் வைக்கும் ஒவ்வொன்றையும், அது படமோ எழுத்தோ நிறமோ, இந்த இரண்டில் ஒன்றையாவது தருகிறதா என்று கேளுங்கள். தரவில்லையென்றால் தூக்கிவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வாசகர் யார், காசு யாருடையது

"டீன் ஏஜ்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினால் அட்டை எங்கேயும் ஒட்டாது. 11 வயதும் 17 வயதும் ஒரே அட்டையை வாங்க மாட்டார்கள். இந்த வகைப் பத்திரிகைகளின் உண்மையான வாசகர்கள் ஏறக்குறைய 10 முதல் 14 வரை, அதிலும் பெண் பிள்ளைகள் அதிகம். டாப் ஆஃப் த பாப்ஸ் பத்திரிகையே தொடங்கும்போது, சின்னப் பிள்ளைகளின் ஸ்மாஷ் ஹிட்ஸுக்கும் பெரியவர்களின் இசைப் பத்திரிகையான என்எம்இக்கும் நடுவில் ஒரு இடத்தைப் பிடிக்கத்தான் வந்தது. பிறகு சந்தை எங்கே இருக்கிறது என்று பார்த்து, இளம் பெண் பிள்ளைகள் பக்கம் நகர்ந்துகொண்டது.

இந்த வயதின் ஒரு குணத்தை மறக்கக் கூடாது. பன்னிரண்டு வயதுக்காரிக்குப் பன்னிரண்டாக இருக்கப் பிடிக்காது. பதினைந்தாக இருக்க வேண்டும், குறைந்தபட்சம் கடையில் பார்க்கிறவர்கள் அப்படி நினைக்க வேண்டும். அதனால் அட்டையில் வரும் முகம் வாசகரைவிட மூன்று நான்கு வயதாவது மூத்ததாக இருக்கட்டும். தம்பி தங்கை வயது முகத்தைப் போட்டால், "இது குட்டிப் பசங்க புக்" என்று ஒதுக்கிவிடுவாள். அதே காரணத்தால்தான் கார்ட்டூன், பலூன், டெடி பொம்மை மாதிரி அலங்காரங்கள் இங்கே ஆபத்தானவை.

ஆனால் காசு? அது பெரும்பாலும் அம்மாவின் பையிலிருந்து வருகிறது, சூப்பர்மார்க்கெட்டில் காய்கறி வாங்கப் போன நேரத்தில். எனவே இந்த அட்டைக்கு இரண்டாவது வாசகர் ஒருவர் உண்டு, அவர் அரை நொடிதான் பார்ப்பார், அந்த அரை நொடியில் அவருக்கு முகம் சுளிக்கும்படி எதுவும் தெரியக் கூடாது. பிரிட்டனில் பதின்பருவப் பத்திரிகைகளில் பாலியல் விஷயங்கள் எல்லை மீறுவதாகப் பெற்றோரிடமும் நாடாளுமன்றத்திலும் கிளம்பிய எதிர்ப்புக்குப் பிறகு, 1996ல் பதிப்பாளர்களே ஒரு கண்காணிப்புக் குழுவை வைத்துக்கொள்ள வேண்டி வந்தது. அட்டையில் மகள் பார்ப்பது ஒன்று, அம்மா பார்ப்பது ஒன்று என்று இருந்தால் பத்திரிகை திரும்ப அலமாரிக்கே போய்விடும்.

முகம்

அட்டையின் பாதி வெற்றி புகைப்படத்தில் முடிந்துவிடுகிறது. நிறையப் பேர் இணையத்திலிருந்து கச்சேரி மேடைப் படம் ஒன்றை எடுத்துப் போடுகிறார்கள்: கண் மூடியிருக்கும், வாய் மைக்குக்குப் பின்னால் மறைந்திருக்கும், வெளிச்சம் ஊதாவாக இருக்கும். அந்தப் படத்தில் பாடகர் பார்வையாளர் கூட்டத்துக்காகப் பாடிக்கொண்டிருக்கிறார். வாசகரைப் பார்க்கவில்லை. நெருக்கம் என்று சொன்னேனே, அது கண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. கண் நேராக லென்ஸுக்குள் பார்க்க வேண்டும். பத்திரிகையைக் கையில் எடுத்தவள் எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தக் கண் அவளையே பார்க்கும்.

கேமராவை முகத்தின் உயரத்திலேயே வையுங்கள். கீழிருந்து எடுத்தால் ஆள் பெரிய ஆளாகத் தெரிவார், ராக் பத்திரிகைகள் அதை விரும்பும். இங்கே பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற உயரம்தான் வேண்டும். மார்பளவு அல்லது இடுப்பளவுப் படம் போதும். முழு உருவம் போட்டால் முகம் சின்னதாகி, இரண்டு மீட்டர் தள்ளி யாரென்றே தெரியாது.

வெளிச்சம் தட்டையாக, நிழல் இல்லாமல், முகம் முழுக்க ஒரே மாதிரி விழட்டும். வீட்டில் எடுக்கிறீர்கள் என்றால் காலை நேரத்தில் பெரிய ஜன்னலுக்கு எதிரே ஆளை நிற்க வைத்து, பின்னால் ஒரு வெள்ளை வேட்டியையோ சார்ட் பேப்பரையோ கட்டினால் போதும், ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியதில்லை. பின்னணி வெள்ளையாகவோ ஒரே நிறமாகவோ இருந்தால்தான் பிறகு ஆளை வெட்டி எடுத்து எழுத்துக்கு மேல் வைக்க முடியும்.

சிரிப்பு? ஆமாம், வேண்டும். பற்கள் தெரியும் சிரிப்பு, அல்லது ஏதோ ரகசியம் வைத்திருப்பது போன்ற அரைச் சிரிப்பு. முறைப்பு வேண்டாம். கெராங் மாதிரியான ராக் பத்திரிகைகளின் அட்டையை எடுத்துப் பாருங்கள், பத்திரிகைப் பெயரே கண்ணாடி நொறுங்கினது மாதிரி இருக்கும், ஆட்கள் நம்மை அடிக்க வருவது மாதிரி பார்ப்பார்கள். அந்த வாசகருக்கு அது சரி. பெரியவர்களுக்கான மோஜோ இசைப் பத்திரிகையில் கறுப்பு வெள்ளையில், எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மூத்த கலைஞர் இருப்பார், அதுவும் அந்த வாசகருக்குச் சரி. நம்முடைய ஆளுக்கு இரண்டுமே "உனக்கு இங்கே இடமில்லை" என்றுதான் சொல்லும்.

கையில் ஏதாவது வேண்டுமானால் ஒன்று மட்டும் கொடுங்கள், ஒரு ஐஸ்க்ரீம், ஒரு கூலிங்கிளாஸ். கை கன்னத்தில் இருக்கலாம், பக்கத்து ஆளின் தோளில் இருக்கலாம், நம்மை நோக்கி விரல் நீட்டலாம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்கும் படத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது வாசகருக்கு முன்னால் கதவைச் சாத்துகிறது.

ஐந்து பேர் இருந்தால் ஐந்து வாசல்

குழு என்றால் வேலை சற்று வேறு. 1996ல் ஸ்பைஸ் கேர்ள்ஸ் வந்தபோது டாப் ஆஃப் த பாப்ஸ் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த பீட்டர் லொரெய்ன் அந்த ஐந்து பேருக்கும் செல்லப்பெயர் வைத்தார்: போஷ், பேபி, ஸ்கேரி, ஸ்போர்ட்டி, ஜிஞ்சர். ஒரு பத்திரிகையில் விளையாட்டாக வைத்த பெயர்கள் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டன, இன்றைக்கும் அவர்களின் சொந்தப் பெயரைவிட அவைதான் பலருக்கு ஞாபகம் இருக்கின்றன. இதில் நமக்கு வேண்டிய பாடம் பெரியது. வகுப்பில் ஐந்து தோழிகள் இருந்தால் ஒவ்வொருத்தியும் "நான் ஸ்போர்ட்டி", "நான் பேபி" என்று ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. குழுவை ஒட்டுமொத்தமாக ரசிப்பதைவிட, அதில் "என் ஆள்" என்று ஒருவர் இருப்பதுதான் இந்த வயதுக்கு முக்கியம். 2010ல் உருவான ஒன் டைரக்ஷனுக்கும் இதே கதைதான், ஹாரியா லியாமா என்று தோழிகளுக்குள் சண்டையே நடந்தது. கே-பாப் ரசிகைகள் இதற்கு "பயஸ்" என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள், சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே குழுப் படத்தில் யாரையும் மறைக்காதீர்கள். ஐந்து முகமும் ஏறக்குறைய ஒரே அளவில், ஒருவர் தோள் இன்னொருவரை மறைத்தாலும் முகம் மறையாமல், முக்கோணமாகவோ வில் மாதிரியோ நிற்கட்டும். உடை ஒரே சீருடையாக இல்லாமல், ஒரே நிறக் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கட்டும். ஒவ்வொருவர் பக்கத்திலும் கையெழுத்து மாதிரியான எழுத்தில் முதல் பெயரை மட்டும் எழுதுங்கள். குடும்பப் பெயர் வேண்டாம், அது செய்தித்தாளின் வேலை. தோழியை யாராவது முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா?

குழு கிடைக்கவில்லை, வகுப்புத் தோழி ஒருத்திதான் மாடலாக வருவாள் என்றால், டைகர் பீட் வழியில் போகலாம். 1965ல் சார்ல்ஸ் லாஃபர் தொடங்கிய அந்தப் பத்திரிகை, ஒரு பெரிய படத்துக்குப் பதில் வெட்டி எடுத்த பல முகங்களைச் சிறிதும் பெரிதுமாக, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று கத்தும் நிறங்களின் மேல் சிதறவிட்டது. நல்ல ரசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது: எட்டு முகம் இருந்தால் எட்டு விதமான ரசிகைகள் நிற்பார்கள். ஒரே முகத்தைப் போட்டு அந்த முகம் பிடிக்காதவர்களை எல்லாம் இழப்பதா, எட்டைப் போட்டு யாருக்கும் முழுசாகக் கொடுக்காமல் இருப்பதா என்பது ஒவ்வொரு இதழுக்கும் வரும் தலைவலி. பிரிட்டிஷ் இதழ்கள் கண்டுபிடித்த சமரசம், நடுவில் ஒரு பெரிய படம், மேல் பட்டையிலோ ஓரத்திலோ மூன்று நான்கு சின்ன முகங்கள். நீங்களும் அதையே செய்யுங்கள்.

பத்திரிகைப் பெயரும் அலமாரியும்

பெயர் குட்டையாக இருக்கட்டும், சத்தமாகப் படிக்கும்போது வாயில் துள்ள வேண்டும். எழுத்து தடிமனாக, முனைகள் உருண்டு, வெள்ளை ஓரக்கோடு அல்லது நிழலோடு. தமிழில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கணினியோடு வரும் வழக்கமான தமிழ் எழுத்துருவில் பெயரை அடித்தால் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி வந்து நிற்கும். பெயரை மட்டுமாவது கையால் வரைந்து ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். தமிழ் எழுத்தின் சுழிகள் இந்த வயதுக்கென்றே அமைந்தது மாதிரி உருண்டையானவை, அந்த அதிர்ஷ்டத்தை வீணாக்க வேண்டாம்.

பெயர் எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது கடை. நம் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறார்கள், அதனால் அட்டை முழுதாகத் தெரியும். பிரிட்டனின் கடை அலமாரிகளில் ஒன்றின் மேல் ஒன்று பாதி மூடினாற்போல் அடுக்குவார்கள். சில இடங்களில் மேல் பட்டை மட்டும் தெரியும், சில இடங்களில் இடது ஓரம் மட்டும் தெரியும். எனவே பெயர் மேலே, அதன் முதல் எழுத்து இடது மூலையில், முக்கியமான இரண்டு மூன்று வாசகங்கள் இடது மூன்றில் ஒரு பங்கில். பாடகரின் தலை பத்திரிகைப் பெயரின் மேல் கொஞ்சம் ஏறி ஒரு எழுத்தை மறைக்கலாம், அது ஆளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். ஆனால் இரண்டு எழுத்து மறைந்தால் புதுப் பத்திரிகையின் பெயரை யாரும் படிக்க முடியாது. பல வருடமாக வரும் பத்திரிகைக்கு அந்தச் சலுகை உண்டு, உங்களுக்கு இல்லை.

வாசகங்கள்

இங்கேதான் மார்க்கும் போகிறது, விற்பனையும் போகிறது. ஒரு கற்பனைப் பாடகிக்கு மீரா என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவளுடைய பேட்டி உள்ளே இருக்கிறது. "பாடகி மீராவுடன் சிறப்பு நேர்காணல்" என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் யாருக்கும் எதுவும் ஆகாது. இதைப் பாருங்கள்: "மீரா: ஸ்கூல்ல எனக்கு ஒரு ஃப்ரெண்டுகூட இல்ல!" இப்போது ஒரு பிரபலம் தன் ஆறாம் வகுப்பு வேதனையை, அதே வேதனையில் இருக்கிற ஒரு பிள்ளையிடம் சொல்கிறாள். மேற்கோள் வடிவம் இந்த வேலையை எப்போதும் செய்யும், நடுவில் நிருபர் இருப்பதே தெரியாது. ஒரே நிபந்தனை, அந்த வாக்கியம் உள்ளே பேட்டியில் அப்படியே இருக்க வேண்டும்.

அடுத்தது கேள்வி. "மீராவோட பெஸ்ட் ஃப்ரெண்டாக உன்னால முடியுமா? குவிஸ் உள்ளே!" பதில் தெரிய உள்ளே போயாக வேண்டும், போனால் அங்கே அவளைப் பற்றியே கேள்விகள். இந்த வயதில் பாடகரைவிட சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டென்றால் அது தான்தான். ஆறு வாசகம் எழுதினால் அதில் இரண்டிலாவது "உன்" வந்துவிட வேண்டும். "உங்கள்" என்று எழுதாதீர்கள், தலைமையாசிரியர் பேசுவது மாதிரி ஆகிவிடும்.

பாதியில் நிறுத்தும் வாசகம் மூன்றாவது வகை: "மேக்கப் ரூமில் அன்னைக்கு நடந்தது…" அட்டைக்கு ஒன்று போதும், இரண்டு போட்டால் ஏமாற்று வேலை என்று தெரிந்துவிடும். ஆச்சரியக்குறி பற்றியும் கேட்பீர்கள். இந்த வகை அட்டைகளில் அது தாராளமாகப் புழங்கும், பெரியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் ஸ்மாஷ் ஹிட்ஸ் அதை ஒரு சிரிப்போடு பயன்படுத்தியது. நட்சத்திரங்களுக்குக் கிண்டல் பெயர் வைப்பது, அவர்களிடம் சம்பந்தா சம்பந்தமில்லாத கேள்விகள் கேட்பது என்று, ரசிகையும் பத்திரிகையும் சேர்ந்து நட்சத்திரத்தைச் செல்லமாகக் கலாய்ப்பது போன்ற ஒரு தொனியை அவர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். பின்னாளில் பெட் ஷாப் பாய்ஸ் என்ற பாப் இரட்டையரில் ஒருவரான நீல் டென்னன்ட் 1980களின் தொடக்கத்தில் அங்கே உதவி ஆசிரியராக இருந்தவர். 1987ல் ஸ்மாஷ் ஹிட்ஸின் எழுத்தாளர் டாம் ஹிபர்ட் பிரதமர் மார்கரெட் தாட்சரையே பேட்டி எடுத்தார், அதையும் பாப் பாடகர் பேட்டி மாதிரியேதான் நடத்தினார். அந்தத் துணிச்சலில் பாதி உங்கள் அட்டையின் ஒரு வாசகத்தில் இருந்தால்கூட மற்ற அட்டைகளிலிருந்து அது தனியாகத் தெரியும். வெறும் "வாவ்! சூப்பர்! செம!" என்று நிரப்பினால் அது தெரியாது.

கிசுகிசு வேண்டாமா என்றால், சண்டை சமாதானம் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று இல்லாததை எழுதும் சினிமாப் பத்திரிகைப் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். பன்னிரண்டு வயது அதை அப்படியே நம்பும்.

அளவு: முக்கிய வாசகம் ஒன்று, ஐந்தாறு சொல்லுக்குள், பாடகரின் மார்புக்குக் கீழே பெரிதாக. மற்றவை நான்கைந்து, அதைவிடச் சின்னதாக, ஓரங்களில். முகத்தின் மேல் எழுத்து ஏறவே கூடாது. எழுத்துரு மூன்று வகைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாமே கத்தினால் எதுவும் கேட்காது. எண்களை எழுத்தால் எழுத வேண்டாம். "பத்து போஸ்டர்" என்பதைவிட "10 போஸ்டர்" தூரத்திலிருந்தே கண்ணைக் குத்தும்.

போஸ்டர், இலவச இணைப்பு

நம் ஊரில் நடுப்பக்க ப்ளோ-அப்புக்காகவே சினிமாப் பத்திரிகை வாங்கிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போஸ்டரைப் பற்றி அட்டையில் சொன்னால் மட்டும் போதாது, அந்தப் போஸ்டர்களின் குட்டிப் படங்களை ஒரு மூலையில் விசிறி மாதிரி விரித்துக் காட்டுங்கள். யாருடைய போஸ்டர் என்று கடையிலேயே தெரிந்தால்தான் கை நீளும்.

இதில் உச்சத்தைத் தொட்டவர்கள் ஜெர்மானியர்கள். 1956ல் தொடங்கிய ப்ராவோ, 1959லிருந்து ஒரு நட்சத்திரத்தின் ஆளுயரப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு இதழிலும் ஒரு துண்டு கொடுத்தது. முதலில் வந்தவர் பிரிஜித் பார்தோ, பிறகு பீட்டில்ஸ் உட்படப் பலர். ஒரு இதழைத் தவறவிட்டால் சுவரில் நிற்கும் ஆளுக்கு முழங்கால் இருக்காது! இந்த ஒரு யோசனையை நீங்கள் தாராளமாகச் சுடலாம்: "பாகம் 1 இந்த இதழில்" என்று ஒரு வட்டம் போட்டுவிட்டால், உங்கள் அட்டை அடுத்த இதழையும் சேர்த்து விற்கிறது. ப்ராஜெக்ட் அறிக்கையில் எழுதவும் நல்ல விஷயம்.

இலவச இணைப்பு என்றால் லிப் பாம், நெயில் பாலிஷ், பேனா, ஸ்டிக்கர் என்று வரும். அட்டையில் ஒட்டி பிளாஸ்டிக் உறையில் போடுவார்கள், அதனால் பொருள் உட்காரும் இடத்தில் முகமோ முக்கிய வாசகமோ வராதபடி முன்கூட்டியே ஒரு கட்டம் ஒதுக்குங்கள். பல மாணவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, 2021ல் பிரிட்டனின் வெயிட்ரோஸ் சூப்பர்மார்க்கெட், தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பொம்மைகளோடு வரும் சிறுவர் பத்திரிகைகளை இனி விற்பதில்லை என்று அறிவித்தது. ஆகவே காகிதத்திலேயே ஏதாவது யோசியுங்கள்: ஸ்டிக்கர், புக்மார்க், கதவில் மாட்டும் அட்டை. செலவும் குறைவு.

நிறம், அச்சு, மற்ற சில்லறை வேலைகள்

மூன்று நிறங்களைத் தேர்ந்தெடுங்கள், ஒன்று பாடகரின் உடையிலிருந்து வரட்டும். இளஞ்சிவப்பு கட்டாயமா என்றால் இல்லை. அது பெண் பிள்ளைகளின் நிறம் என்று முடிவு செய்ததே பெரியவர்கள்தான், பையன்களும் பாப் கேட்கிறார்கள். ஆனால் அடர் மஞ்சள், நீலப்பச்சை, ஆரஞ்சு மாதிரி பளிச்சென்று ஏதாவது வேண்டும். திரையில் நீங்கள் பார்க்கும் ஒளிரும் நியான் இளஞ்சிவப்பு சாதாரண நான்கு நிற அச்சில் மங்கிப் போய்த்தான் வரும். அது வேண்டுமென்றால் ஐந்தாவதாகத் தனி ஒளிர் மை சேர்க்க வேண்டும், பான்டோன் 806 என்ற எண்ணில் வரும் மை மாதிரி. கல்லூரி வேலைக்கு அது கட்டுப்படியாகாது, அதனால் தொடக்கத்திலேயே கோப்பை சிஎம்ஒய்கே முறையில், அதாவது அந்த நான்கு நிற அச்சுக்கான முறையில் வைத்து வேலை செய்யுங்கள், கடைசியில் மாற்றிவிட்டு அழ வேண்டாம். படம் அச்சு அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), நான்கு பக்கமும் வெட்டும்போது போவதற்காக 3 மி.மீ. கூடுதல் ஓரம்.

பார்கோடு, விலை, மாதம், இதழ் எண் நான்கும் கட்டாயம். பத்திரிகைகளின் பார்கோடு 977 என்று தொடங்கும், பக்கத்தில் இதழ் எண்ணுக்கு ஒரு குட்டிப் பார்கோடும் இருக்கும். கீழ் மூலையில் வெள்ளைக் கட்டத்துக்குள் வையுங்கள்.

முகத்தைத் திருத்துவது பற்றி ஒரு வார்த்தை. பருவை அழிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோலை வெளுக்க வைக்காதீர்கள், இடுப்பைச் சுருக்காதீர்கள். 2012ல் அமெரிக்காவில் 14 வயதுப் பெண் ஒருத்தி, மாதம் ஒரு படத்தொகுப்பையாவது திருத்தாமல் போடச் சொல்லி செவன்டீன் பத்திரிகைக்கு ஒரு மனு தொடங்கினாள். 80,000க்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. பெண் பிள்ளைகளின் முகத்தையும் உடலையும் மாற்ற மாட்டோம் என்று அந்தப் பத்திரிகை அதே வருடம் ஆகஸ்ட் இதழில் வாசகர்களுக்கு எழுதிக் கொடுத்தது. இவ்வளவு நேரம் நெருக்கம் நெருக்கம் என்று பேசினோம், மெழுகு பொம்மையோடு யாருக்கும் நெருக்கம் வராது என்பது அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருந்தது.

முடிந்ததும் உண்மையான அளவில் ஒரு பிரின்ட் எடுங்கள். வீட்டுப் புத்தக அலமாரியில் நாலைந்து வேறு பத்திரிகைகளோடு சேர்த்து, இடது ஓரம் மட்டும் தெரியும்படி செருகி வையுங்கள். பிறகு 11லிருந்து 13 வயதுக்குள் இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் "ஏதாவது ஒண்ணு எடுத்துப் பாரு" என்று விட்டுவிடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், அக்கா மனசு கஷ்டப்படக் கூடாதென்று நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வாள். அவள் எதை எடுக்கிறாள், எடுத்ததும் கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். "யார் இது?" என்று கேட்டால் முகம் வேலை செய்கிறது, பாடகரின் பெயரை இன்னும் பெரிதாக்குங்கள். எடுக்கவே இல்லை என்றால் இடது ஓரத்தை மாற்றுங்கள். எடுத்த கையோடு பின்பக்கம் திருப்பி, "போஸ்டர் எங்கக்கா?" என்று கேட்டுவிட்டால் அட்டை தயார், உள்பக்கங்களைத் தொடங்கலாம்.